சிம்னி ஃபிளாப் சத்தம்: ஆடிக்காற்றில் எது தாங்குகிறது, எது தாங்குவதில்லை

காரைக்குடிப் பக்கம் ஆனி பிறந்து மேல்காற்று எழும்பியதும் பல அடுப்படிகளில் ஒரு சத்தம் ஆரம்பித்துவிடும். அடுப்பும் அணைந்திருக்கும், சிம்னி சுவிட்சும் அணைந்திருக்கும். மேலே கவருக்குள் மட்டும் "டொக்... டொக்டொக்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மோட்டார் போச்சு, பேரிங் போச்சு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஓடாத மோட்டார் எப்படிச் சத்தம் போடும்? தட்டுவது, புகை வெளியேறும் வாயில் இருக்கும் இரண்டு அரைவட்ட பிளாஸ்டிக் ஃபிளாப்கள். உள்ளிருந்து காற்று போகும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொண்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இந்தச் சத்தம் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் வீட்டின் அமைப்பு. முகப்பிலிருந்து பின்வாசல் வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அடுப்படி பின்கட்டில். பின்சுவரில் மோதும் காற்று, புகையை வெளியே கொண்டுபோகும் டக்ட் குழாய்க்குள் அழுத்தும். முற்றத்தின் மேலே போகும் காற்று வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஃபிளாப், காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் விளிம்பில் அடித்துக்கொள்ளும். பின்வாசலையும் அடுப்படிக் கதவையும் சாத்திப் பாருங்கள். சத்தம் குறைந்தால் ஃபிளாப்தான் என்பது பாதி உறுதி.

மீதிப் பாதிக்கு, சத்தம் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். சிம்னி அணைந்திருக்கையில் காற்றடித்தால் மட்டும் தட்டுகிறதா? அது வெளிக்காற்று. குறைந்த வேகத்தில் தடதடவென்று வந்து, அதிக வேகத்தில் நின்றுவிடுகிறதா? ஃபிளாப் முழுசாகத் திறக்காமல் பாதியில் ஆடுகிறது. அணைத்தவுடன் ஒரே ஒரு "டொக்" என்றால் அது ஃபிளாப் விழும் இயல்பான சத்தம். ஃபிளாப் உட்காரும் விளிம்பில் மெத்தைபோல ஏதாவது வைத்தால் போதும். எல்லா வேகத்திலும் ஒரே சீராக ஊங்காரமோ அதிர்வோ இருந்தால் ஃபிளாப்பை விட்டுவிடுங்கள். சிம்னியின் அடியில் எண்ணெயைப் பிடிக்கும் பாஃபிள் ஃபில்டரைக் கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நின்றால் ஃபில்டர் கொக்கி தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் புகையை இழுக்கும் புளோயர் சக்கரத்தில் எண்ணெய் ஒரு பக்கமாகப் படிந்திருக்கலாம், அது வேறு வேலை.

வெளிச்சுவரில் தட்டுத்தட்டாக இருக்கும் மூடி, அதாவது கவுல், அதுவும் இதே சத்தம் போடும். அதன் தட்டுகளைச் சற்று நேரம் டேப் ஒட்டி நிறுத்திவைத்தால் எது தட்டுகிறது என்று தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் டேப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அடைத்த குழாயில் சிம்னியை ஓடவிடக் கூடாது.

கழற்றும் முறை

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்பின்மேல் பழைய செய்தித்தாளோ துணியோ விரித்துவிடுங்கள். மேலே கை வைத்ததும் கறுத்த எண்ணெய்ப் பிசின் கீழே விழும். மேல் கவரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் கவர் கீழே இறங்கும் அல்லது தனியாக வரும். டக்ட் குழாய் காலரோடு, அதாவது ஃபிளாப்கள் மாட்டியிருக்கும் வளையத்தோடு, சேரும் இடத்தில் ஃபாயில் டேப்பை வெட்டி, கிளாம்ப் இருந்தால் தளர்த்தி, குழாயை மேலே நகர்த்துங்கள். அலுமினியக் குழாயின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காலர் பெரும்பாலும் நான்கு திருகாணிகளில் நிற்கும். ஃபிளாப்பின் இரு நுனியிலும் கீலாக ஒரு சிறு பின் இருக்கும். ஃபிளாப்பைச் சற்று வளைத்தால் துளையிலிருந்து வெளியே வரும். ஸ்பிரிங் இருந்தால் எந்தப் பக்கம் எப்படி மாட்டியிருந்தது என்று கழற்றும் முன்பே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் நன்றாகப் பார்க்க வேண்டியது காலரின் உள்பக்கம். குழாயை இறுக்க அடித்த திருகாணியின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஃபிளாப் அதில் இடித்து நிற்கும். புதிதாக மாட்டிய சிம்னியிலேயே சத்தம் வந்தால் முதல் சந்தேகம் இதுதான். 8 மி.மீ. நீளத் திருகாணியாக மாற்றலாம். அல்லது திருகாணியே இல்லாமல் கிளாம்ப்பும் டேப்பும் போடலாம்.

ஃபிளாப்பையும் காலரையும் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆவியாகிப் படிந்து சூட்டில் இறுகினால் மஞ்சள் வார்னிஷ்போல ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு மட்டும் சலவை சோடா போடலாம்; அலுமினியக் குழாயிலும் அலுமினிய ஃபில்டரிலும் பட்டால் கறுத்து அரித்துவிடும். நகப்பாலிஷ் ரிமூவரும் தின்னரும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்து இளகிவிடும். கடைசியாக மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்துக் காயவிடுங்கள். இப்படித் துடைக்காமல் விட்டால், பிறகு எதை ஒட்டினாலும் உரிந்து வரும்.

எதை ஒட்டுவது?

நீண்ட நாள் அனுபவம் பேச வேண்டிய இடம் இதுதான். முதல் வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

ஜன்னலுக்கு ஒட்டும் வெள்ளை ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டியதும் சத்தம் நின்றுவிடும். ஆனால் அது எண்ணெயைக் குடித்து, பிசுபிசுத்து, பிறகு பொடிப்பொடியாக உதிர்ந்து அடுப்பின்மேல் விழும். தீபாவளிப் பலகாரம் சுடுகிற வீட்டில் ஒரு வருடம்கூட நிற்காது. எண்ணெய் ஊறிய ஸ்பாஞ்ச் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், அடுப்புக்கு மேலே அதை வைக்கவே கூடாது. நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட்டும் அதே கதிதான். உதிராது, ஆனால் எண்ணெயில் ஊறி ஃபிளாப்பைப் பிடித்து ஒட்டவைத்துவிடும். பிறகு குறைந்த வேகத்தில் ஃபிளாப் திறக்காது. கார் கதவுக்குப் போடும் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும், வெளிக் கவுலுக்கு ஏற்றது. எண்ணெயில் அது உப்பி மிருதுவாகிவிடும் என்பதால் உள்ளே வேண்டாம்.

உள்ளே நிலைப்பது சிலிக்கான். அதுவும் ஒட்டுப்பட்டையாக வாங்குவதைவிட, விளிம்பிலேயே வார்த்துக்கொள்வது மேல். காலர் விளிம்பில், ஃபிளாப் வந்து உட்காரும் படியின்மேல், சிலிக்கான் சீலன்ட்டை 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடாக இழுங்கள். இரண்டு ஃபிளாப்பின் கீல்-பின் துளைகளுக்குப் பக்கத்தில் 1 செ.மீ. விட்டுவிடுங்கள், அங்கே சீலன்ட் இருந்தால் ஃபிளாப் கீல் பக்கம் தூக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் மூடாமல் நிற்கும். 6 அங்குலக் காலரின் சுற்றளவு ஏறக்குறைய 48 செ.மீ.; இடைவெளிகள் நான்கும் போக 44 செ.மீ. நீளம் இழுக்க வேண்டியிருக்கும். அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் போட்டு, ஃபிளாப்களை மாட்டி மெதுவாக மூடுங்கள். அழுத்தாதீர்கள், அதன் எடையே போதும். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் தாளை உரித்தால், அந்த ஃபிளாப்பின் கோணலுக்குத் தக்கபடியே ஒரு மெத்தை வார்த்திருக்கும். மழமழவென்று இருப்பதால் எண்ணெய் படிந்தாலும் துடைத்தால் போய்விடும். ஆடிக்கு ஆடி கழற்றிப் பார்த்தாலும் உதிராமல், உரியாமல் இருக்கும் ஒரே பொருள் இதுதான்.

சீலன்ட் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பிழிந்ததும் வினிகர் வாடை அடிக்கும் வகை தகரத்தை அரிக்கும். பிளாஸ்டிக் காலருக்குப் பரவாயில்லை. துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு காலர் என்றால், அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

குறைந்த வேகத்தில் வரும் தடதடப்புக்கு இன்னொரு இடத்திலும் மெத்தை வேண்டும். இரண்டு ஃபிளாப்பும் மேலே தூக்கும்போது முதுகோடு முதுகு மோதிக்கொள்ளும். ஒரு ஃபிளாப்பின் முதுகில் மட்டும், ஓரமாக, அலமாரிக் கதவுக்கு ஒட்டும் சிறு சிலிக்கான் பொட்டு இரண்டு ஒட்டுங்கள். இரண்டு ஃபிளாப்பிலும் ஒட்டினால் தடிமன் கூடி முழுசாகத் திறக்காது.

கீல் பின்னுக்கு எண்ணெய் விடுகிற பழக்கம் நம் ஊரில் அதிகம். தேங்காயெண்ணெய் விட்டால் இரண்டு நாள் சத்தம் இருக்காது, பிறகு புகையும் தூசியும் சேர்ந்து பசையாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் கிரீஸ் ஒரு குண்டூசித் தலை அளவு, அவ்வளவுதான்.

எடை வைப்பதும் காந்தம் வைப்பதும்

மெத்தை வைத்த பிறகும் ஆடிக்காற்றில் ஃபிளாப் எழும்பி விழுந்தால் அதைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டும். பலர் வாஷர் ஒட்டுகிறார்கள். எடை எப்போதும் எடைதான். திறந்திருக்கும்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் காற்றடிக்கும் சத்தம் நின்று, சமைக்கும்போது தடதடப்பு ஆரம்பிக்கும். காந்தம் அப்படியில்லை. மூடியிருக்கும்போது மட்டும் பிடிக்கும், சற்று விலகினாலே விட்டுவிடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மெல்லிய காந்தப் பட்டையில் 2 செ.மீ. துண்டு ஒன்றை ஃபிளாப்பின் வெளி ஓரத்திலும், அதற்கு நேராகக் காலரில் சிறு இரும்புத் தகடும் வைத்தால் போதும். குட்டி நியோடிமியம் காந்தம் நேராக ஒட்டினால் பிடி அதிகமாகி ஃபிளாப் திறக்கவே திறக்காது. அதுதான் இருக்கிறது என்றால் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

மாட்டிய பிறகு குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். குழாயைப் பூட்டும் முன்பே மேலிருந்து பார்த்தால் இரண்டு ஃபிளாப்பும் செங்குத்தாக நிற்க வேண்டும். பெட்டியில் மணிக்கு 1200 கன மீட்டர் என்று போட்டிருக்கும் காற்று, 6 அங்குலக் குழாயில் போனால் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 மீட்டர் வேகம் வரும் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் வளைவும் நசுங்கலும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குறைந்த வேகத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே நெளிநெளிக் குழாயை முழுசாக இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டி எறியுங்கள். 90 டிகிரி வளைவு ஒன்று போதும், இரண்டு அதிகம். 6 அங்குல வாயை 4 அங்குலக் குழாயில் நுழைத்திருந்தால் ஃபிளாப்பில் என்ன செய்தாலும் சத்தம் போகாது.

சுவர், வெளிமூடி, குளவி

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவரில் ஹாமர் டிரில் வைத்தால் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு என்றால் அதைத் திரும்பப் பூச ஆள் தேடி அலைய வேண்டும். அடுப்படி வெண்டிலேட்டரின் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அலுமினியத் தகடு பொருத்தி, அதில் வட்டம் வெட்டிக் குழாயை விடுவதே நல்லது. குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும், மீட்டருக்கு 1 அல்லது 2 செ.மீ.; ஐப்பசி மழைத் தண்ணீர் ஃபிளாப் வரை வராது.

மேற்கு, தென்மேற்குச் சுவரில் வாய் வைத்திருந்தால் தட்டுத்தட்டான கவுலைக் கழற்றிவிட்டு, வாய் கீழ்நோக்கியிருக்கும் மூடியை மாட்டச் சொல்வேன். நம் வெயிலில் அந்த பிளாஸ்டிக் தட்டுகள் மொறுமொறுத்து உடையும். உடைந்த தட்டின் சத்தம் ஃபிளாப்பைவிட மோசம். ஒரே குழாயில் இரண்டு மூடி இருந்தால் இரண்டையும் திறக்கும் பாரம் மோட்டாருக்கு. ஏணி போடாமல் கைக்கு எட்டும் உள் ஃபிளாப் ஒன்றே போதும். அணில், குருவி வராமல் வெளி வாயில் 12 மி.மீ. சதுரக் கம்பி வலை போடுங்கள். கொசுவலை போட்டால் எண்ணெயில் அடைத்துக்கொள்ளும்.

வலையைத் தாண்டி வந்து தொல்லை கொடுப்பது குளவி. கோடையில் குழாய் ஓரத்திலும் ஃபிளாப் கீலிலும் மண்கூடு கட்டிவிடும். ஒரு ஃபிளாப் மட்டும் திறந்து மற்றது அசையாமல் நின்றால், கீல்-பின் துளையில் செம்மண் உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளாப்பையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம், சத்தமும் போய்விடும். ஆடி முழுக்க அடுப்புமேல் செம்மண் புழுதி துடைக்க வேண்டியிருக்கும். குழாய்க்குள் பல்லி குடியேறும். பலத்த காற்றில் புளோயர் தானாகத் தலைகீழாகச் சுற்றும்.

கீல்-பின் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் மெத்தையும் காந்தமும் வீண், புதுக் காலர் வாங்க வேண்டியதுதான். வாங்கும் முன் வெளி விட்டத்தையும் திருகாணித் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்; எல்லா மாடலுக்கும் ஒன்றே என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். ஃபிளாப் இல்லாத வெறும் காலரும் விற்கிறார்கள், படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் பெரும்பாலும் அதுதான் வந்து சேரும்.