வாப்-7 ஹெச்ஓ மாடல்: மூஞ்சி சரி, நம்பர் தப்பு

ரெண்டு மாசம் காத்திருந்து வாங்கின வாப்-7 ஹெச்ஓ மாடல் ரெண்டு வாரம் முன்னாடிதான் வந்துச்சு. வாப்-7ன்னா நம்ம ரயில்வேல பாசஞ்சர் வண்டி இழுக்குற கரண்ட் இஞ்சின், ஹெச்ஓன்னா பொம்மை ரயிலோட ஒரு அளவு. எங்க வாங்கினேன்னு கேக்காதீங்க, அவங்க கூட பஞ்சாயத்து இன்னும் முடியல. வெலை பதினாறாயிரம், வீட்ல எட்டாயிரம்னு சொல்லி வச்சிருக்கேன்.

நான் பொறந்து வளந்தது சென்னை கொருக்குப்பேட்டை. மொட்டை மாடில நின்னா லைன்ல போற வண்டி தெரியும், ஒண்ணு ரயில் வரும் இல்லனா கூட்ஸ் நிக்கும், ஹாரன் சத்தம் இல்லாம எனக்கு தூக்கமே வராது. அதனால பொம்மை வாங்கினாலும் நெசத்தோட வச்சு பாக்குற புத்தி போக மாட்டேங்குது.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். பெயிண்ட் அருமை. வெள்ளை உடம்பு, சிவப்பு பட்டை, ஒரு இடத்துல கூட கலர் கசியல. கூரை மேல இன்சுலேட்டர் எல்லாம் தனித்தனியா நிக்குது, கண்ணாடி மேல வைப்பர் முடி மாதிரி மெல்லிசா தனியா ஒட்டியிருக்கான், அத தொடவே பயமா இருக்கு. ஸ்கேல் வச்சு நீளம் அளந்தேன். நெச வண்டி 20.56 மீட்டர், ஹெச்ஓன்னா 87ல ஒரு பங்கு, கணக்குப்படி 23.6 சென்டிமீட்டர் வரணும், வந்தது 23.5. இதுக்கு மேல இன்னா கேக்குறது.

ஆனா முன்னாடி உக்காந்து நேரா பாத்தீங்கன்னா சக்கரம் உள்ள தள்ளி இருக்குற மாதிரி தெரியும். இது செஞ்சவன் தப்பு இல்ல. நம்ம அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அத 87ஆல வகுத்தா 19.3 வரும், கடைல கெடைக்கிற ஹெச்ஓ ட்ராக்கு 16.5 தான், அது வெளிநாட்டு 1435 பாதைக்கு பண்ண அளவு, அதுல ஓடணும்னா நம்ம வண்டி பக்கத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணரை மில்லிமீட்டர் காலை ஒடுக்கிட்டுதான் நிக்கணும். புதுசா வாங்குறவங்க இதுக்காக ரிட்டர்ன் போடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு நாள் ஷோகேஸ்ல வச்சு அழகு பாத்துட்டு இருந்தேன், ஞாயித்துக்கிழமை எங்க மாமா வந்தாரு. லோகோ பைலட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு, பேசின் பிரிட்ஜ்ல அவரு கால் படாத இடம் இல்ல. காபிய கீழ வச்சுட்டு வண்டிய கையில எடுத்து, கண்ணு கிட்ட கொண்டு போயி, ஒரு கண்ண மூடிட்டு பாத்தாரு.

"இன்னாடா இது, பாசஞ்சர் லோகோவுக்கு கூட்ஸ் நம்பர் போட்டு வச்சிருக்கானுங்க?"

பக்குனு ஆயிடுச்சு. வாங்கி பாத்தா 31ல ஆரம்பிக்கிற நம்பர். வாப்-7 30201ல ஆரம்பிச்சுது, அப்புறம் 37, 39 வரிசையும் வந்துச்சு. 31ன்னா அது வாக்-9, பச்சைல வந்து கன்டெய்னர் இழுத்துட்டு போகுமே அது. தெரியாதவங்களுக்கு: வாப்னா WAP, வாக்னா WAG. அதுல W அகலப்பாதை, A ஏசி கரண்ட், P பாசஞ்சர், G கூட்ஸ். பக்கத்துலயே ஆர்பிஎம்னு, இஞ்சின பராமரிக்கிற ராயபுரம் ஷெட் பேரு வேற பளிச்சுனு போட்டிருக்கான். 1856ல தென்னிந்தியாவோட மொத பாசஞ்சர் ரயில் கெளம்புன ஊரு பேர போட்டுட்டு நம்பர்ல கோட்டை விட்டா மனசு ஆறுமா? அத விட கேவலம் ரெண்டு நாளா நான் கண்டுபிடிக்கல.

எப்படி நடந்திருக்கும்னு எனக்கு ஒரு யூகம். வாக்-9ல இருந்து வந்ததுதான் வாப்-7, பல்சக்கர விகிதத்த மாத்தி வேகமா ஓட வச்சாங்க, உடம்பு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஒரே அச்சுல ரெண்டையும் ஊத்திட்டு பெயிண்ட் அடிக்கிற எடத்துல நம்பர் ஷீட்ட மாத்தி ஒட்டிட்டானுங்க போல. போன் பண்ணி கேட்டா விக்கிறவரு சொல்றாரு, "சார் ஷோகேஸ்ல வைக்கப் போறீங்க, நம்பரெல்லாம் யாரு பாக்கப் போறா"னு. யோவ், பதினாறாயிரம் குடுத்து ரயில் இஞ்சின் வாங்குறவன் வேற எத பாப்பான்!

ஓட்டம் பத்தி சொல்லணும்னா, நான் வாங்கினது சாதா 12 வோல்ட் டிசி, சவுண்டு இல்லாதது. கெளம்பும்போது சின்னதா ஒரு உதறல், அப்புறம் வெண்ணெய். ஆறு பெட்டிய மாட்டி விட்டேன், மூச்சு வாங்காம இழுத்துச்சு. நெச வண்டி 6350 குதிரை சக்தில 24 பெட்டி இழுக்குது, நம்ம பிளைவுட் பலகைக்கு ஆறே தாராளம். பிரச்சினை வளைவுல. 18 இன்ச் ஆரம் உள்ள வளைவுல மூணு அச்சு போகி, அதாவது சக்கரங்கள தாங்குற சட்டம், உரசுது, நாலு சுத்துக்கு ஒரு தடவ எறங்கிடுது. 22 இன்ச்சுக்கு மாத்தினேன், அப்புறம் எறங்கல. இத டப்பா மேல எழுதியிருந்தா எனக்கு ஒரு ராத்திரி மிச்சம். இன்னொண்ணு, டப்பா படத்துல முன் பேண்டோவ, அதாவது கூரை மேல கரண்ட் கம்பிய தொடுற கைய, தூக்கியிருக்கான், நம்ம ஊர்ல வழக்கமா பின்னாடிதான் தூக்குவாங்க, வந்த வண்டில முன் பேண்டோ ஸ்பிரிங் வேற சிக்கி நின்னுச்சு, மாமாதான் ஊசி வச்சு எடுத்து விட்டாரு.

நம்ம ஏரியாகாரங்களுக்கு ஒரு வார்த்தை, கடல் காத்துக்கு ட்ராக் சீக்கிரம் கருத்துடும். வாரத்துக்கு ஒரு தடவ ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு துணியால தொடைங்க, இல்லனா வண்டி விக்கி விக்கி போகும், நீங்க மோட்டார் போச்சுனு நெனச்சு பார்சல் கட்டுவீங்க.

வாங்கலாமான்னா வாங்கலாம், ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்களுக்கு வரப் போற பீஸோட பக்கவாட்டு போட்டோ கேட்டு வாங்கி நம்பர பாருங்க. விக்கிறவரு புது நம்பர் ஸ்டிக்கர் அனுப்புறேன்னு ஒத்துக்கிட்டு ஒன்பது நாள் ஆச்சு, வரல. அது வரைக்கும் நம்பர் மேல வெள்ளை டேப் ஒட்டி ஓட்டிட்டு இருக்கேன், மாமா அதுக்கு மேல பேனாவுல அவரு கடைசியா ஓட்டின வண்டி நம்பர எழுதி வச்சுட்டு போயிட்டாரு.