பாலின இடைவெளி: இரு அளவுகோல்கள்

உலகப் பொருளாதார மன்றம் 2006 முதல் வெளியிட்டுவரும் பாலின இடைவெளிக் குறியீடு பொருளாதாரம், கல்வி, உடல்நலம், அரசியல் ஆகிய நான்கையும் அளக்கிறது; ஆனால் கல்வியில் பெண்கள் முந்தினால், அதைச் சமத்துவம் என்றே பதிந்துவிடுகிறது. மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவப் பள்ளித் தேர்வோடு படிப்பை நிறுத்தும் தமிழ் இளைஞனின் இழப்பு இக்குறியீட்டில் எங்கும் தெரியாது. நலமான ஆயுளிலோ, பெண்கள் 6 விழுக்காடு கூடுதலாக வாழ்வதையே அது சமநிலையாகக் கொள்கிறது. இதைச் சிறு குறையென்று ஒதுக்க என்னால் இயலவில்லை, ஏனெனில் முன்கூட்டியே இறக்கும் தந்தையின் இழப்பைச் சுமப்பவள் பெரும்பாலும் ஒரு பெண்ணே.

உளவியலாளர்கள் ஸ்டூட், கியரி இருவரும் 2019இல் முன்வைத்த அடிப்படைப் பாலினச் சமத்துவமின்மைக் குறியீடு, பள்ளிக் கல்வி, நலமான ஆயுள், வாழ்க்கை நிறைவு ஆகிய மூன்றிலும் எவர் பின்தங்கினாலும் கணக்கில் சேர்க்கிறது. பல்கலைக்கழகம் அதிலும் இல்லை. ஊதியமும் நாடாளுமன்ற இடங்களும் அறவே இல்லை.

மலேசியாவில் உழைக்கும் வயது ஆண்களில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் தொழிலாளர் சந்தையில் இருக்க, பெண்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே இருக்கின்றனர். ஆகவே கோலாலம்பூரின் நிலையை அறிய முதல் குறியீட்டையே, பெண்கள் முந்துவதைச் சமத்துவமாகவே பதியும் அதன் உச்சவரம்பை நீக்கிவிட்டு, நான் தேர்ந்தெடுப்பேன்.