சுத்தம் செய்யக் கொடுத்தது ஒரு காசு, திரும்பி வந்தது வேறு காசு

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் வாங்கி வயலில் இறங்கியிருந்தால், அல்லது இறங்கும் யோசனை இருந்தால், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். பதினோரு மாதம் நடந்து கிடைத்த என் முதல் வெள்ளிக்காசை ஒருவரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்தது என் காசு இல்லை. என்னால் அதை நிரூபிக்கவும் முடியவில்லை. பணம் போனதைவிட இதுதான் மனதை அறுக்கிறது.

நான் இருப்பது சஃபோக் பக்கம். இங்கே நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் வயலில் கால் வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்று அறிவித்த நிலத்தில் அரசு அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். அதனால் அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் கைப்பட கடிதம் எழுதிப் போட்டேன். ஒரே ஒரு பெரியவர்தான் வரச் சொன்னார். "எது கிடைத்தாலும் எனக்குக் காட்டுங்கள், விலைபோனால் ஆளுக்குப் பாதி" என்றார். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பதினோரு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். கிடைத்ததெல்லாம் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி, கோட்டுப் பொத்தான், ஈயத்துண்டு, கேன் வளையம், பச்சைப் பாசி பிடித்த விக்டோரியா காலத்துப் பென்னிகள். கூட வருகிற நண்பர் ஒருவர், "வெள்ளி வந்தால் உனக்கே தெரியும், சத்தம் வேறு மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன செப்டம்பரில், பார்லி அறுத்து முடித்த வயலில், முதல் நாள் மழை பெய்து மண் இளகியிருந்த காலையில், அந்தச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கமிருந்து கருவியை வீசினாலும் ஒரே தெளிவு, ஒரே சுருதி. முக்கால் சாண் ஆழம் தோண்டியிருப்பேன். மண்கட்டியைக் கையில் பிளந்தபோது விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடத் துளி சிறியது, ஆனால் தகடு போல அவ்வளவு மெல்லியது. கறுத்த சாம்பல் நிறம். கட்டைவிரலால் தொடக்கூடப் பயந்தேன். இடப்பக்கம் பார்த்த ஒரு பெண் முகம், தலையில் கிரீடம், தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ. முதலாம் எலிசபெத் ராணியின் ஆறு பென்ஸ் காசு. ஈர உள்ளங்கையில் வைத்தபடியே ஒரு படம் எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். அந்த ஒரு படம்தான் இன்று என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி. அதிலும் முகப்பக்கம் மட்டும்தான், பாதி மண்ணோடு.

வீட்டுக்கு வந்து காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின்பக்கம் கேடயம், அதன் மேலே 1573. எழுத்து வரிசை தொடங்குமிடத்தில் ஓக் மரக்கொட்டை போல ஒரு சின்ன அடையாளம். அந்தக் காலத்தில் எந்தத் தவணையில் அடித்த காசு என்று பின்னாளில் சோதித்துப் பார்க்க, நாணயச்சாலையில் இப்படிக் குறியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓக் கொட்டை 1573-ஐ ஒட்டிய குறி. ஓரத்தில், ராணியின் மூக்குக்கு நேர் எதிரே, அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. என்றோ கலப்பை பட்டிருக்கும். 1573 என்றால் எங்கள் மதுரையில் வீரப்ப நாயக்கர் ஆட்சிக்கு வந்த புதிது. அந்தக் காலத்துக் காசு ஒன்று என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது என்று நினைத்து அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

இவ்வளவு பார்த்தவன் எடை போடவில்லை. பின்பக்கத்தைப் படம் எடுக்கவில்லை. நாளைக்கு நிதானமாக எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கறுத்துப்போச்சா? விபூதி போட்டுத் தேய்டா, பளிச்னு ஆயிடும்" என்றார். எங்கள் வீட்டில் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் அப்படித்தான் பளபளக்கும். ஆனால் பழங்காசைத் தேய்த்தால் நுண்ணிய கீறல் விழும், மதிப்பும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான், தொழில் தெரிந்த ஆளிடம் கொடுப்போம் என்று நினைத்தேன். மாட்டியது அங்கேதான்.

அடுத்த மாதம் ஒரு நாணயச் சந்தைக்குப் போனேன். மேசை போட்டிருந்தவர்களில் ஒருவர், "சுத்தம் செய்தல், மதிப்பீடு" என்று பலகை வைத்திருந்தார். பேச்சு கனிவாக இருந்தது. காசை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். முகம் சட்டென்று மாறியது. "இதை இப்படியே வைத்திருந்தால் சில மாதத்தில் அரித்துவிடும். மண்ணிலிருந்த அமிலம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. முப்பத்தைந்து பவுண்டு கட்டினேன். மூன்று வாரம் என்றார். சீட்டில் "பழைய வெள்ளி நாணயம் - 1" என்று எழுதிக் கொடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்ன அந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது பொய். வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கந்தகம் பட்டு உண்டாகும் மெல்லிய படலம். காசைத் தின்னும் நோய் இல்லை. நானூற்று ஐம்பது வருடம் மண்ணில் கிடந்து தப்பித்த வெள்ளி, உலர்ந்த டப்பாவில் சில மாதத்தில் அழிந்துபோகாது. செம்பு, வெண்கலக் காசுகளில் வெளிர்பச்சையாகத் தூள் தூளாக உதிரும் ஒரு அரிப்பு உண்டு. அதற்கு உடனே கவனம் தேவைதான். அதைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்ததால், வெள்ளிக்கும் அப்படித்தான் போல என்று நம்பிவிட்டேன். "உடனே செய்யாவிட்டால் போச்சு" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

ஐந்து வாரம் கழித்துத் தபாலில் வந்தது. உறையைப் பிரித்ததும் கண் கூசுகிற வெள்ளை. அதே ராணி, அதே ரோஜா. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் ஓரத்தைப் பார்த்தேன். வெட்டு இல்லை. சுற்றிலும் கத்தரித்தது போல விளிம்பு குறுகி, எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டிருந்தது. திருப்பினேன். 1578. ஓக் கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக்குறி. கை நடுங்கிவிட்டது.

போன் செய்தேன். குரலில் அதே கனிவு. "மண் படிந்திருந்ததால் 8 உங்களுக்கு 3 மாதிரி தெரிந்திருக்கும்" என்றார். குறி எப்படி மாறியது என்றேன். "அதுவும் மண்தான்." ஓரத்து வெட்டு எங்கே என்றேன். "அது மண் ஒட்டிக் காய்ந்து வெட்டு மாதிரி தெரிந்திருக்கும்." எதைக் கேட்டாலும் மண். கடைசியில், "சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்" என்றார். படித்தேன். பழைய வெள்ளி நாணயம், ஒன்று. அவர் திருப்பிக் கொடுத்ததும் அதுதானே.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று ஒன்று 1997 முதல் இங்கே நடக்கிறது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மியூசியம் நடத்துகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அலுவலர் உண்டு, எஃப்.எல்.ஓ. என்பார்கள். நாம் கண்டெடுத்ததைக் காட்டினால் எடை, விட்டம், குறி, எழுத்து எல்லாம் பார்த்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, கிடைத்த இடத்தோடு பதிவு செய்து பொருளைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு பைசா வாங்குவதில்லை. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. என் காசும் அதில் ஏறியிருந்தால் அந்த ஆளால் வாய் திறந்திருக்க முடியாது.

அலுவலர் பொறுமையாகக் கேட்டார். கையில் இருந்த காசைத் தராசில் வைத்தார். இரண்டரை கிராம்கூட இல்லை. வெட்டுப்படாத ஆறு பென்ஸ் மூன்று கிராம் அளவுக்கு வரும். வாட்ஸப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இரண்டும் வேறு என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் வெட்டு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் மண் அப்பியிருக்கிறது, குறியும் தெளிவில்லை. உறுதியாக எழுதித் தர முடியாது" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "இந்தக் காசை உங்கள் வயலில் கிடைத்ததாக நான் பதிவு செய்யவும் முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம். அது எந்த ஊர் மண்ணில் கிடந்த காசோ, யாருக்குத் தெரியும்.

அந்தக் காசு முழுக்க என்னுடையதுகூட இல்லை என்பது இன்னொரு வேதனை. என் ஒற்றைக் காசு போல, புதையல் சட்டத்துக்குள் வராத பொருள் இங்கே பொதுவாக நிலத்துக்காரருக்குச் சேரும். ஒப்பந்தம் இருந்தால் அதன்படி பங்கு. கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. போய்ச் சொன்னபோது பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் தாத்தா உழுத வயல் அது. அவர் கலப்பைதான் பட்டிருக்கும். ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அம்மாவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "எடை போட்டுத்தானடா குடுத்த?" எங்கள் ஊரில் அறுந்த சங்கிலியைப் பற்றவைக்க பத்தரிடம் கொடுத்தால்கூட, அம்மா கண் எதிரே தராசில் வைத்து, எத்தனை கிராம் எத்தனை மில்லி என்று சீட்டில் எழுதி வாங்காமல் படி இறங்க மாட்டார். முப்பது வருடப் பழக்கம் உள்ள பத்தரிடமும் அப்படித்தான். சின்ன வயதில் கூடவே நின்று பார்த்து வளர்ந்தவன் நான்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இங்கே பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கிடைக்கிறது, டிடெக்டரோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். காசு கிடைத்த அன்றே, அலசிய கையோடு, எடை போட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் ஓரமும் படம் எடுங்கள். முதலில் நிலத்துக்காரரிடம் காட்டுங்கள், அடுத்து எஃப்.எல்.ஓ.விடம். அவர்கள் விலை சொல்ல மாட்டார்கள், விலை பேச வேறு இடம் உண்டு, ஆனால் பதிவு ஏறிய பிறகுதான் எதையும் யோசிக்க வேண்டும். யாரிடமாவது ஒப்படைத்தே ஆகவேண்டும் என்றால் ஆண்டு, குறி, எடை, ஓரத்தில் உள்ள சேதம் எல்லாம் சீட்டில் ஏற வேண்டும். எழுதத் தயங்கினால் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் சுத்தமே செய்ய வேண்டாம். மண்போக அலசிய வெள்ளிக்கு அந்தச் சாம்பல் நிறம்தான் அழகு.

முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட தங்கம் அல்லது வெள்ளிக் காசு இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்தால் கதை வேறு. 1996 புதையல் சட்டப்படி அது புதையல். பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எங்கள் சஃபோக்கிலேயே ஹாக்ஸன் என்ற ஊரில் 1992 நவம்பரில், எரிக் லாவ்ஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியக் காசுகளைக் கண்டெடுத்தார். ஒரு பகுதியை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை முறையாக எடுத்தார்கள். சுமார் 15,000 காசுகள். அந்தச் சுத்தியல்கூட இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் பார்த்துவிட்டுக் கருவி வாங்கி ஆற்றங்கரையில் இறங்கிவிடாதீர்கள். 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

என் விஷயம் இன்னும் முடியவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற, பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை தரும் அமைப்பு மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கான தாள்களையும் தயார் செய்கிறேன். அதனால்தான் அந்த ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை, கேட்காதீர்கள்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். நாணயச் சந்தையிலோ ஏலத்திலோ 1573 ஆறு பென்ஸ் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குறி ஓக் கொட்டை. ராணியின் மூக்குக்கு நேர் எதிரே ஓரத்தில் அரிசி அளவு வெட்டு இருக்கும். இருந்தால், எந்த ஊர், எந்த மேசை என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.