கைவேலை ஃபிரேம் என்று சொல்லித் தொழிற்சாலை ஃபிரேமை விற்கிறார்கள், எச்சரிக்கை

அளவெடுத்துச் செய்யும் கைவேலை சைக்கிள் ஃபிரேமுக்கு முன்பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபிரேமுக்கும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குமாக 85,000 ரூபாய் கொடுத்தேன். கைக்கு வந்தது தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த மலிவான ஃபிரேம். பெயின்டும் ஸ்டிக்கரும் மட்டும்தான் புதியவை. விற்றவர் வேறு மாநிலத்தில் பட்டறை வைத்திருக்கிறார். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

என் உயரம் 150 செ.மீ. இந்த உயரத்துக்கு ரோடு சைக்கிள் தேடியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அலைச்சல் என்று. பெரும்பாலான நிறுவனங்கள் தங்களுடைய மிகச் சிறிய அளவிலும் 700சி என்ற பெரிய சக்கரத்தையே பூட்டுகின்றன. மெதுவாகத் திருப்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க ஹேண்டில்பார் திரும்பும் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபை அதிகமாகச் சாய்த்துவிடுவார்கள். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயான சீட் டியூபைச் செங்குத்தாக்கி, அளவு அட்டவணையில் இரண்டையும் மேலே இணைக்கும் டாப் டியூப் குறைந்ததுபோலக் காட்டுவார்கள். நமக்கு வேண்டிய இடத்துக்கு சீட்டைப் பின்னால் தள்ளியதும் ஹேண்டில்பார் பழையபடி தூரமாகிவிடும். பிரெவே என்ற, நேர வரம்புள்ள 200 கி.மீ. நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போகிறவள் நான். நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் கழுத்தும் தோளும் படும் பாடு சொல்லி மாளாது. 700சியைவிடச் சிறிய 650பி சக்கரம், அதற்கென்றே வரைந்த ஃபிரேம், இந்த இரண்டும்தான் எனக்குத் தீர்வு. அழகுக்காகவோ பெருமைக்காகவோ நான் கைவேலைக்குப் போகவில்லை.

அந்தப் பட்டறைக்காரர் தன்மையாகப் பேசினார். கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாம் கேட்டு வாங்கினார். டாப் டியூப் 490 மி.மீ., சக்கரம் 650பி, குழாய் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 725 ரக எஃகு என்று குறித்த வரைபடத்தை அனுப்பினார். அதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் பணம் அனுப்பினேன்.

மயில் நீலப் பெயின்டில் ஃபிரேம் வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சக்கரங்களைப் பூட்டி அழகர்கோவில் சாலையில் ஓட்டியபோது, ஒரு திருப்பத்தில் உள்பக்க பெடல் தரையில் உரசிச் சைக்கிளே ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. பின்னால் பஸ் வராததால் பிழைத்தேன். 700சி ரிம்மின் டயர் அமரும் விட்டம் 622 மி.மீ., 650பிக்கு அது 584. ஆரத்தில் 19 மி.மீ. வித்தியாசம். பெரிய சக்கரத்துக்காகச் செய்த ஃபிரேமில், அதே அகல டயரோடு சிறிய சக்கரத்தைப் பூட்டினால் பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சு அந்த 19 மி.மீ. தாழ்ந்துபோகும். பெடலும் தாழும். ரிம்மைப் பிடிக்காத டிஸ்க் பிரேக் என்பதால் சக்கரம் தடையில்லாமல் பொருந்திவிடுகிறது. டயர் சிறியதாக இருப்பதால் ஷூ இடிப்பதும் நின்றுவிடுகிறது. வாங்கியவருக்கு முதல் பார்வையில் எல்லாம் சரியாகவே தோன்றும். இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போன் செய்தேன். “ஓட்ட ஓட்டப் பழகிவிடும் மேடம்” என்றார்.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டை உருவி வெர்னியரில் அளந்ததுதான். 25.4 மி.மீ. சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6. இடைவெளியை நிரப்பும் ஷிம் வளையம் எதுவும் இடையில் இல்லை. அப்படியானால் குழாயின் சுவர் 1.6 மி.மீ. தடிமன். 28.6 மி.மீ. அளவில் நல்ல மெல்லிய சுவர்க் குழாய் என்றால் வழக்கமாக 27.2 மி.மீ. போஸ்ட் இறங்கும். முனைகளில் தடிமனும் நடுவில் மெலிவுமாகக் குழாய் இழுக்கும் முறைக்கு பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் 1897இலேயே காப்புரிமை பெற்றது. அந்தப் பெயருக்கு விலை கொடுத்த எனக்குக் கிடைத்தது கனத்த சாதாரண இரும்புக் குழாய். பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்களுக்காக விற்கும் குழாய் ஸ்டிக்கர்கள் யார் கைக்கும் கிடைக்கும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

டேப் வைத்து டாப் டியூபை மையத்திலிருந்து மையம் அளந்தால் 522. ஃபிரேமைக் கவிழ்த்து, கிராங்க் அச்சுக்கூட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டினார் அண்ணன். முதலில் பட்டி வந்தது, அதற்கடியில் பழைய சிவப்புப் பெயின்ட், அதற்கும் அடியில் தொழிற்சாலை அடித்த வரிசை எண். ஃபோர்க் குழாயின் உட்புறத்திலும் அதே சிவப்பு. “யாரும்மா உங்களுக்கு இதை விற்றது?” என்று அவர் கேட்டபோது அவர் குரலில் இருந்த கோபம் என்னுடையதைவிடக் குறைவாக இல்லை.

குழாய்களைச் செருகி இணைக்கும் உலோக உறையான லக் இருந்தால் கைவேலை, வெல்டிங் இருந்தால் தொழிற்சாலை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிள்கள் தொழிற்சாலையில்தான் உருவாயின, அவற்றில் லக் இருந்தது. மிகச் சிறந்த கைவினைஞர்கள் பலர் டிக் வெல்டிங் செய்கிறார்கள். தொழிற்சாலை ஃபிரேமையும் நான் குறை சொல்லவில்லை. நல்ல நிறுவனங்கள் சைக்கிள்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 4210இன்படி மாதிரி ஃபிரேம்களைச் சோதனை இயந்திரத்தில் பூட்டி மீண்டும் மீண்டும் பளு ஏற்றிப் பார்க்கின்றன. ஒரே ஒரு ஃபிரேம் செய்கிறவர் அதை உடைத்துப் பார்க்க முடியாது. எம் அல்லது எல் அளவு உடம்புக்குச் சரியாக அமைகிறவர்கள் கடையில் வாங்கி நிம்மதியாக ஓட்டலாம். கைவேலைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அளவுக்காக. அந்த அளவையே தராதவருக்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உரிமை இல்லை.

ஆகவே கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். குழாய் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். குழாய்களை அளவுப்படி பிடித்து நிறுத்தும் ஜிக்கில் உங்கள் ஃபிரேம் நிற்கும் படத்தைப் பெயின்ட் அடிக்கும் முன்பே கேளுங்கள். பற்றவைத்த இணைப்புகள் வெறும் உலோகமாகத் தெரிய வேண்டும். “தொழில் ரகசியம்” என்று என்னிடம் மறுத்தார்கள். உண்மையாக உழைக்கிற கைவினைஞர் அந்த நிலையில் தன் வேலையைக் காட்ட ஆசைப்படுவார். கடைசித் தவணையை, ஃபிரேம் வந்து நீங்களே அளந்து பார்த்த பிறகு கொடுப்பதாக எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். என் ரசீதில் “அளவெடுத்துச் செய்த பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று அச்சிட்டிருந்தார்கள். என் அளவுக்குச் செய்யவே இல்லை என்பதற்கு அவர் கையெழுத்திட்ட வரைபடமே சான்று என்று புகாரில் எழுதியிருக்கிறேன்.

வெளியில் எதுவும் பேசாமல் இருந்தால் பாதிப் பணம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். மறுத்துவிட்டேன். அவர் இன்னும் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். என்னைப்போல உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், யாரிடமாவது ஃபிரேம் சொல்லியிருந்தால் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தெந்த இடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.