கொல்லையில் நாவலா, அரைநெல்லியா?

கனடாவில் இருக்கும் அக்கா, "எங்க வீட்டு சர்வீஸ்பெர்ரி கொத்துக்கொத்தா காய்க்குது, நீயும் ஒண்ணு வை"ங்கிறாள். அது ஆப்பிள் குடும்பத்து மரம், குளிர்காலத்தில் நல்ல குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும், கும்பகோணத்து வெயிலில் தேறாது. அதே மாதிரி கருநீலப் பழம் வேண்டுமென்றால் நமக்கு நாவல்தான். திருவானைக்காவில் வெண்நாவல் தல விருட்சம், அந்த அளவுக்கு இந்த மண்ணோடு ஒட்டிய மரம். களிமண்ணில் ஐப்பசி மழைத் தண்ணீர் நின்றாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் 30 மீட்டர் வரைக்கும்கூட வளரும், விதைக்கன்று காய்க்க 8, 10 வருஷம் ஆகும் (ஒட்டுக்கன்று என்றால் சீக்கிரம்), ஆனி ஆடியில் சிமெண்டுத் தரையெல்லாம் ஊதாக் கறை, துவைகல் பக்கம் வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2018 கஜா புயலைப் பார்த்த பிறகு ஓட்டு வீட்டை ஒட்டிப் பெரிய மரம் வைக்கவும் மனசு வரவில்லை.

அரைநெல்லி சின்ன மரம். கிளையோடு ஒட்டி, வரிவரியாக வெளிர்மஞ்சள் காய் அப்பிக்கொண்டு தொங்கும், பறித்து உப்பு மிளகாய்த்தூள் தொட்டால் போதும். தண்ணீர் தேங்காமல் கொஞ்சம் மேடாக வைக்கணும், அவ்வளவுதான். அரை கிரவுண்டு கொல்லைக்கு என் ஓட்டு இதற்கே. வயல் வரப்போரம் இடமிருந்தால் நாவலை அங்கே வையுங்கள், கிளிக்கும் அணிலுக்கும் போக மிச்சம் நமக்கு.