மிட்ஜ் யூர்: அல்ட்ராவாக்ஸ் குழுவிலா, தனி வழியிலா?

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரை ஒட்டியுள்ள கேம்பஸ்லாங் என்னும் ஊரில் 1953-இல் பிறந்த மிட்ஜ் யூரின் குரல் அல்லது உழைப்பு, பிரித்தானியப் பாடல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை மூன்று வெவ்வேறு பெயர்களில் எட்டியிருக்கிறது: 1976-இல் ஸ்லிக் குழுவின் பாடகராக, 1984-இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பல பாடகர்கள் கூடிப் பாடிய பேண்ட் எய்ட் பாடலின் இணை ஆசிரியராகவும் தயாரிப்பாளராகவும், 1985-இல் தனிப் பாடகராக. அவர் நெடுங்காலம் பாடிய அல்ட்ராவாக்ஸ் குழு ஒருமுறைகூட அந்த இடத்தைத் தொட்டதில்லை. பட்டியலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தனிப் பாடகர் யூரே மேலானவர் என்று முடிவு கட்டிவிடலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் எனக்கு அந்த முடிவு சரியென்று படவில்லை.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஸ்லிக் குழுவின் 'ஃபாரெவர் அண்ட் எவர்' பாடலை எழுதியவர்கள் பில் மார்ட்டின், ஃபில் கோல்டர் என்னும் தொழில்முறைப் பாடலாசிரியர்கள். யூரிடமிருந்து அதற்குத் தேவைப்பட்டவை குரலும் தோற்றமும் மட்டுமே. அடுத்து, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் பங்க் இசைக்குழுவிலிருந்து வெளியேறிய கிளென் மேட்லாக்குடன் ரிச் கிட்ஸ் குழுவில் சேர்ந்தபோது, யூர் வாங்கி வந்த சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி, கிட்டாரை நம்பியவர்களுக்கும் மின்னணு ஒலியை நாடியவர்களுக்கும் இடையே பிளவை உண்டாக்கியது. அந்தப் பிளவில் யூரின் பக்கம் நின்ற டிரம் கலைஞர் ரஸ்டி ஈகனும், மேடை முகமாக ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்து உருவானதே விசாஜ் குழு. 'ஃபேட் டு கிரே' பாடலின் வழியே ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட அந்த முயற்சியில்தான் யூர் தம் தயாரிப்புத் திறனை முதலில் முழுமையாகக் காட்டினார்; வயலினும், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும் வாசிக்கும் பில்லி கரியுடன் அவர் நெருங்கியதும் அங்கேதான்.

கரியின் குழுவான அல்ட்ராவாக்ஸ் 1979-இல் ஏறத்தாழ முடிந்துபோன நிலையில் இருந்தது. பாடகர் ஜான் ஃபாக்ஸ் விலகியிருந்தார். ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனமும் அவர்களைக் கைவிட்டிருந்தது. யூர் வந்து சேர்ந்ததும் நால்வரும் எடுத்த ஒரு முடிவு, பின்னால் வந்த அனைத்தையும் விளக்கப் போதுமானது: யார் எதை இயற்றினாலும் பாடலுரிமை யூர், கரி, கிறிஸ் கிராஸ், வாரன் கேன் ஆகிய நால்வருக்கும் பொது. எவருடைய பகுதியை நீக்கினாலும் அவருக்குப் பண இழப்பு இல்லை என்பதால், பாடலுக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது.

1980-இல் கோனி பிளாங்கின் தயாரிப்பில் வந்த 'வியன்னா' தொகுப்பின் தலைப்புப் பாடலைக் கேட்டால் இது தெளிவாகும். மின்னணுத் தாளம் ஒன்று மெதுவாக, இடைவெளிகள் விட்டுத் தொடங்குகிறது. அதன்மேல் யூரின் குரல் முதலில் அடங்கியும், பல்லவியில் முழு வீச்சிலும் எழுகிறது. இடையில் கரியின் வயோலா நுழையும்போது பாட்டின் வேகமே மாறி, பாடகர் சற்று நேரம் முற்றிலும் ஒதுங்கிக்கொள்கிறார். தன் குரலை விற்பதற்காகப் பாட்டெழுதும் எவரும் இத்தகைய இடத்தை இன்னொரு கலைஞருக்கு விட்டுக்கொடுப்பது அரிது. அதே தொகுப்பிலிருந்து முன்னதாக வந்த இரு பாடல்கள் பெரிதாக எடுபடாத நிலையில், 1981 ஜனவரியில் தனி இசைத்தட்டாக வெளிவந்த இது நான்கு வாரங்கள் இரண்டாமிடத்தில் நின்றது. மேலே இருந்தவற்றுள் ஒன்று ஜான் லெனனின் பாடல். மற்றொன்று ஜோ டோல்சேயின் வேடிக்கைப் பாட்டு. இரண்டாமிடத்தோடு நின்றுபோன பாடல்களுள் மக்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று பி.பி.சி. ரேடியோ 2 பின்னாளில் நடத்திய வாக்கெடுப்பில் 'வியன்னா' வென்றதைப் பார்த்தபோது, உரிய நீதி கிடைத்ததாகவே உணர்ந்தேன்.

தனிப் பாடகர் யூரின் பக்கம் வலுவற்றது என்று சொல்ல மாட்டேன். 1982-இல் அவர் பாடிய 'நோ ரிக்ரெட்ஸ்' முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1984 நவம்பரில் பேண்ட் எய்ட் பாடலை அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃபுடன் இணைந்து எழுதி, பின்னணி இசையைத் தம் வீட்டு ஒலிக்கூடத்திலேயே சில நாள்களில் கட்டியெழுப்பி, நவம்பர் 25 அன்று லண்டனில் திரண்ட நட்சத்திரங்களின் குரல்களைப் பதிவு செய்து முடித்தது, தயாரிப்பாளராக அவர் எட்டிய உச்சம். அவ்வளவு குறுகிய கால வரம்புக்குள் அதைச் செய்துமுடிக்கக்கூடியவர்கள் அன்றைய பிரித்தானியப் பாப் உலகில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். மறு ஆண்டு, டேனி மிட்செலுடன் இணைந்து எழுதிய 'இஃப் ஐ வாஸ்' முதலிடத்தைப் பிடித்தது. 'தி கிஃப்ட்' தொகுப்பு இரண்டாமிடம் வரை சென்றது.

ஆயினும் 'தி கிஃப்ட்' தொகுப்பை 'வியன்னா'வுக்கு அடுத்து உடனே கேட்பவருக்கு ஒரு வேறுபாடு தட்டுப்படும். இதில் எல்லா ஒலிகளும் பாடகருக்குப் பணிந்து நடக்கின்றன. ஒவ்வொரு கருவியும் தூய்மையாக, தன் இடத்தில், அளவோடு ஒலிக்கிறது. குரலை எதிர்த்து எதுவும் எழுவதில்லை. அப்படி எதிர்த்து எழுவதே கரியின் வயோலாவும் வாரன் கேனின் இறுக்கமான தாளமும் குழுவில் செய்த வேலை. இனிமையை நோக்கி இயல்பாகவே சாயும் யூரின் மெட்டுகளுக்கு அவை ஒரு கடுமையைத் தந்தன. 1988-இன் 'ஆன்சர்ஸ் டு நத்திங்' தொகுப்பில் பாடகி கேட் புஷ்ஷுடன் அவர் பாடியுள்ள பாடல் சிறப்பாக இருப்பதற்கும், எதிரே நிற்க வலிமையான ஒருவர் அங்கே இருந்ததே காரணம் என்று கருதுகிறேன்.

குழு என்ற அமைப்பே மேன்மையைத் தந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. வாரன் கேன் வெளியேற்றப்பட்ட பின் 1986-இல் வந்த அல்ட்ராவாக்ஸின் 'யூ-வாக்ஸ்' தொகுப்பில், பித்தளை ஊதுகருவிகளும் அயர்லாந்து நாட்டுப்புற இசைக்குழுவினரும் அடுத்தடுத்து வந்துபோகிறார்களே தவிர, நால்வர் ஓர் அறையில் நின்று வாதிட்டு அடைந்த ஒற்றுமை அதில் இல்லை. 1985-இல் நடந்த லைவ் எய்ட் நிதிதிரட்டு இசை நிகழ்ச்சியின் மேடையில் நால்வராக நின்றவர்கள் அதற்கடுத்த ஆண்டே சிதறியதற்கு, யூரின் தனி வெற்றி அவருடைய கவனத்தை வேறு திசையில் இழுத்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பிற்காலத்தை மட்டும் ஒப்பிட்டால் என் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2009-இல் மீண்டும் கூடிய நால்வரும் 2012-இல் வெளியிட்ட 'பிரில்லியண்ட்' தொகுப்பு கண்ணியமானது. பழைய துணிச்சல் அதில் குறைவு. 2014-இல் யூர் தனியாக வெளியிட்ட 'ஃப்ராஜைல்', வயதும் களைப்பும் ஏறிய குரலை மறைக்காமல் முன்வைக்கும் நேர்மையான படைப்பு. எனவே, புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா', 'ரேஜ் இன் ஈடன்' ஆகிய இரு தொகுப்புகளையும் முழுமையாகக் கேட்டுவிட்டு, 'தி கிஃப்ட்' தொகுப்பில் 'இஃப் ஐ வாஸ்' பாடலோடு நிறுத்திக்கொண்டு, நேரே 'ஃப்ராஜைல்' தொகுப்புக்கு வருவதே நல்லது.