கை வேலையா இருக்கும்போது எத கேக்கலாம்: ஆடியோபுக், தொடர்கதை ஆப், யூடியூப், பாட்காஸ்ட்

எங்க மதினி முக்கூடல்ல பீடி சுத்துதாவ. சொளவ மடியில வச்சா ஆயிரம் பீடி ஆகுறவரைக்கும் ரெண்டு கையும் இலையிலயும் தூள்லயும்தான், போன தொட முடியாது, ஆனா காது சும்மாதான இருக்கு. முன்ன அந்த காதுக்கு 1963ல ஆரம்பிச்ச நம்ம திருநெல்வேலி வானொலி இருந்துச்சு, 2016ல ஜியோ வந்து டேட்டா மலிஞ்ச பொறவு ஆளுக்கொரு ஆப்னு ஆயிட்டு. ரெண்டு மாசமா ஒவ்வொண்ணா அவங்க போன்ல போட்டுக் குடுத்து பாத்தேன்.

தொடர்கதை ஆப்தான் மொதல்ல. கதை நல்லா இழுக்கு, மதினிக்கு ரொம்ப புடிச்சுட்டு. ஆனா சரியான கட்டத்துல பூட்டு விழுந்துரும், காயின் போட்டாத்தான் அடுத்த எபிசோடு, உடனே "தம்பி, இத கொஞ்சம் அமுக்கிட்டு போங்க"னு அடுப்படி வரைக்கும் குரல் வரும். தூள் அப்புன விரலோட அவங்க எத்தன தடவ தொடைச்சு தொடைச்சு அமுக்க முடியும் சொல்லுங்க?

அடுத்து ஆடியோபுக். அமேசானோட ஆடியோபுக் ஆப்பான ஆடிபிள் நம்ம நாட்டுக்கு 2018ல வந்துச்சு. சந்தாவோட வர்ற கிரெடிட்ட போட்டு எடுத்த புக், சந்தாவ நிறுத்துனாலும் நம்மகிட்டயே இருக்கும், மணிக்கணக்கா நிக்காம ஓடும். இங்கிலீஷ் அளவுக்கு தமிழ் புக் இல்ல, அதான் குறை.

யூடியூப்ல கதைக்கு பஞ்சமே இல்ல. எழுதுனவரு இறந்து 60 வருசம் ஆனா உரிமை முடிஞ்சிரும், அரசு நாட்டுடைமை ஆக்குன எழுத்தும் ஏராளம், அதனால பழைய கதைய யாரு வேணும்னாலும் வாசிச்சுப் போடலாம். ஆனா காசு கட்டாட்டி ஸ்கிரீன அணைச்சதும் சத்தம் நின்னுரும், நடுவுல விளம்பரம் வேற, மத்தியானத்துக்குள்ள சார்ஜும் காலி.

ஸ்பாட்டிஃபைங்கிற பாட்டு ஆப்ல பாட்காஸ்ட், அதான் எபிசோடு எபிசோடா வர்ற ஆடியோ நிகழ்ச்சி, காசில்லாமலே டவுன்லோடு ஆகும், ஸ்கிரீன் அணைஞ்சாலும் ஓடும். 64 கேபிபிஎஸ்ங்கிற ஒலித் தரத்துல ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 29 எம்பிதான். அதனால நான் இதுக்குத்தான் ஓட்டு போடுவேன், ராத்திரியே நாலு எபிசோடு எறக்கி வரிசையா வச்சிட்டா காலைல ஒரு தடவ தட்டுனா போதும்.

ஒரு ஏக்கம் மட்டும் இருக்கு. நெல்லைக் கதையவே மெட்ராஸ் பேச்சுல வாசிக்காங்க, கேக்கவே மனசு ஒட்ட மாட்டேங்கு. போன வாரம் நம்ம ஊர்ப்பக்கத்து ஆளு ஒருத்தரு வாசிச்ச கதை கெடைச்சுது, அவரு "ஏட்டி, இங்க வா"னு சொன்ன அந்த இழுப்புல மதினி கை அப்படியே நின்னுட்டு, பாதி சுருட்டுன இலையோட போனையே பாத்துட்டு இருந்தாவ.